போணிக்கு முன்னால் வந்த பார்சல்

காலை ஒன்பது மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு ஹெல்மெட். ஜவுளிக்கடை வாசலிலிருந்து பறந்து வந்து தார்ச்சாலையில் விழுந்து, குதித்து உருண்டு, உரமூட்டை ஏற்றி நின்ற டிராக்டரின் சக்கரத்தில் முட்டி நின்றது. அடுத்து அந்த ஹெல்மெட்டுக்கு உரிய இளைஞர் வந்தார். தானாக வரவில்லை. கடைக்காரர் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துப் படியில் இழுத்துக்கொண்டு வந்தார். கடைக்காரரின் வலது கையில் துணி அளக்கிற இரும்பு மீட்டர்கோல் இருந்தது.

நான் எதிர்ப்பக்க டீக்கடையில் இருந்தேன். ஒரு நாளிதழுக்கு இந்த வட்டாரத்துச் செய்திகளை அனுப்புவது என் வேலை. காலை நேரத்தில் அந்த டீக்கடைதான் என் அலுவலகம். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கோல் இரண்டு முறை இறங்கிவிட்டது. முதல் அடி தோளில். இரண்டாவது தலைக்கு வந்தது. இளைஞர் வலது கையைக் குறுக்கே கொடுத்தார். எலும்பு முறிகிற சத்தத்தைக் கதைகளில் பெரிதாக எழுதுகிறார்கள். அது சின்னச் சத்தம். முருங்கைக்காயை ஒடித்தால் வருகிற அளவுதான். அவர் கத்தவில்லை. கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்கு மேலே கை புதிதாக ஓர் இடத்தில் மடங்கியிருந்தது.

"வுடாதீங்க, அடிங்க அவன!" என்று ஒரு குரல் வந்தது. யாருடையது என்று பிறகு எவ்வளவு கேட்டும் தெரியவில்லை. செருப்புக்கடையிலிருந்தும் பாத்திரக்கடையிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். ஹார்டுவேர் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடிவந்தார். ஜவுளிக்கடைக்குள் என்ன நடந்தது என்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டுக்கொண்டும் யாரும் நிற்கவில்லை. ஒருவர் முதுகில் மிதித்தார். ஒருவர் முடியைப் பிடித்து முகத்தைச் சாலையில் தேய்த்தார். அடித்தவர்களின் முகத்தில் கோபத்தைவிட ஒரு நிம்மதி தெரிந்தது. ரொம்ப நாளாகத் தேடிய ஆள் ஒருவழியாகக் கையில் கிடைத்துவிட்டான் என்பது போல.

ஆளை அடித்து ஓய்ந்தவர்கள் பைக்குக்கு வந்தார்கள். பின் இருக்கையில் கட்டியிருந்த பெரிய கறுப்புப் பையின் வாரை பாத்திரக்கடை ஆள் அறுத்தார். பார்சல்கள் தெருவில் கொட்டின. சிலவற்றை மிதித்தார்கள், சிலவற்றைச் சாக்கடைக்குள் உதைத்தார்கள். அட்டைகள் பிளந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்தது: குழந்தைக்குக் கட்டுகிற டயப்பர், குக்கர் மூடி, செல்போன் உறை, மருந்து தெளிக்கிற பம்புக்கு மாட்டும் முனை, ஒரு பச்சைப் பட்டுப் புடவை. ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அறைந்தார். உள்ளே மிக்ஸி ஜார் நொறுங்கியது. திரும்ப அறைவதற்காக அதைத் தூக்கியபோது மேலே ஒட்டியிருந்த முகவரி அவர் கண்ணில் பட்டது. படித்தார். அவருடைய மருமகளின் பெயர். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் கடைக்குத் திரும்பினார்.

அடியை நிறுத்தியவர் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிற பாய். ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து கடை வைத்தவர், வர்த்தகர் சங்கத்தின் செயலாளர். கனத்த உடம்பு. ஓடிவந்து, கீழே கிடந்தவர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார்.

"இப்ப அடிங்கடா. சங்கத்துச் செயலாளர சங்கமே அடிச்சிச்சின்னு நாளைக்கிப் பேப்பர்ல வரட்டும். அந்தா நிருபரு டீ குடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கூட்டம் கலைந்தது. கடைக்காரர் மட்டும் மீட்டர்கோலுடன் படியில் நின்றார். கோலின் பித்தளைப் பூணில் ரத்தம் இருந்தது. வேட்டி முனையால் அதைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

*

கஜா புயலில் கடைத்தெருவின் தகரக் கூரைகள் பறந்தன. அதற்கு அடுத்த வருஷத்துத் தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தபோது நடந்தது இது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி போகிற பாதையில் இருக்கிறது. சுற்றிலும் வயல். சம்பா நடவு நடந்துகொண்டிருந்த நேரம்.

எங்கள் ஊரில் கதவு எண்ணை வைத்து வீடு கண்டுபிடிக்க முடியாது. ஒரே எண் பல வீடுகளுக்கு உண்டு. எண்ணே இல்லாத வீடுகளும் உண்டு. அதனால் இணையத்தில் பொருள் வாங்கும்போது எல்லோரும் முகவரியில் ஒரு கடையை எழுதினார்கள். ஜவுளிக்கடைச் சந்து. செருப்புக்கடைக்குப் பின்னால். பாய் கடை மாடி. டெலிவரிக்கு வருகிறவர்கள் சந்துக்குள் அலையாமல் பார்சலை அந்தக் கடையிலேயே கொடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் மாலையில் வந்து எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்கு வருகிறதும் ஜவுளிக்கடையில்தான் இருக்கும். எந்தக் கடைகளின் வியாபாரத்தை அந்தப் பார்சல்கள் எடுத்துக்கொண்டனவோ அந்தக் கடைகளின் மேஜைக்கு அடியிலேயே அவை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

வெளியிலிருந்து பெட்டி வருவது இந்த ஊருக்குப் புதிதில்லை. தாராளமயம் வந்த காலத்திலிருந்தே வளைகுடாவுக்குப் போனவர்கள் நைலான் கயிறு சுற்றிய பெட்டிகளோடு விமான நிலையத்திலிருந்து வேனில் வந்து இறங்குவார்கள். அந்தப் பெட்டி பெருநாளுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று வரும். பெட்டி வந்த வீட்டுக்காரர்களும் மீதிச் சாமானுக்குக் கடைத்தெருவுக்குத்தான் வந்தாக வேண்டும். பிறகு துபாயில் இருக்கிற கணவன் அங்கே படுத்தபடியே போனில் தேடி, இங்கே இருக்கிற மனைவிக்குக் குக்கர் வாங்கினான். கடைத்தெருவின் பேச்சும் மாறியது. பெண்கள் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து புடவைகளைப் பிரிக்கச் சொல்லி, பிடித்ததைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, "பாத்துட்டு வர்றோம்" என்று எழுந்தார்கள். முன்பு அந்த வார்த்தைக்கு அடுத்த கடையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பொருள். பிரித்த புடவைகளைக் கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திரும்ப மடித்து அடுக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே நடந்ததை அந்த இளைஞரிடமும் கடைக்காரரிடமும் கடையில் வேலை செய்கிற பெண்ணிடமும் தனித்தனியே கேட்டேன். மூவரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்.

நாளின் முதல் விற்பனைக்குப் போணி என்று பெயர். போணி ஆகும்வரை கடைக்காரர் கடனுக்குக் கொடுக்கமாட்டார், சில்லறை மாற்றித் தரமாட்டார், கல்லாவிலிருந்து ஒரு காசு வெளியே விடமாட்டார். முதலில் உள்ளே வருகிற கால் யாருடையது என்று பார்ப்பார். தீபாவளி வாரத்தில் இந்த வழக்கம் இன்னும் இறுகும். டெலிவரிக்கு வருகிறவர்களும் அதைத் தெரிந்து பத்து மணிக்கு மேல்தான் கடைத்தெருவுக்கு வருவார்கள். அன்றைக்குப் பை நிரம்பிவிட்டது, மழையும் வருகிற மாதிரி இருந்தது. இளைஞர் சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

அவருக்கு வயது இருபத்தைந்துக்குப் பக்கம். ஊருக்குத் தெற்கே, வாய்க்காலைத் தாண்டியிருக்கிற தெரு. அவருடைய அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். இவர் பாலிடெக்னிக் முடித்துத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு, இந்த வேலை வந்ததும் ஊருக்குத் திரும்பினார்.

கடைக்காரர் சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

"யாரது? இன்னும் போணி ஆவல. வெளியில நில்லு."

"ஒரு நிமிஷம் மொதலாளி. பின்னாடிச் சந்து டீச்சருக்குப் பார்சல். காசு குடுத்து எடுக்கிறது. அவங்க ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. ஒங்ககிட்ட வாங்கிக்கச் சொன்னாங்க, சாயங்காலம் குடுத்துடுவாங்களாம்."

"நான் காசு குடுக்கணுமா?"

இளைஞர் போனை ஸ்பீக்கரில் போட்டார். டீச்சரின் குரல் வந்தது: "அண்ணே, நாந்தான். குடுத்துடுங்கண்ணே, புடவதான், சாயங்காலம் வந்துடுறேன்." போன வாரம் அதே டீச்சர் அதே கடையில் புடவைகளைப் பிரித்துப் போட வைத்து, பார்த்துவிட்டு வருகிறோம் என்று எழுந்துபோனவர்.

"போணி ஆவாத கல்லாவுலேந்து, எவனோ வித்த பொடவைக்கு, நான் காச எடுத்து ஒங்கிட்ட குடுக்கணும். எந்தத் தெருக்காரன்டா நீ? மொதல்ல கால வெளியில வைடா."

அந்தக் கேள்விக்குப் பிறகு இளைஞரும் பொறுக்கவில்லை. "போணி ஆவுறதுக்கு ஆளு வரணும்ல மொதலாளி? கடைத்தெருவே இப்ப என் பையிலதான் போவுது" என்றார்.

மீட்டர்கோல் எப்போதும் மேஜை மேலேயே இருக்கும்.

*

அரசு மருத்துவமனையில் இளைஞரின் கையில் இரண்டு எலும்புகள் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். புருவத்தில் தையல் போட்டார்கள். உதடு கிழிந்திருந்தது. தோல் உரிந்த கன்னத்தில் தார்ச்சாலையின் மணல் ஒட்டியிருந்தது. நர்ஸ் அதைப் பஞ்சால் எடுத்தபோதுதான் முதல் தடவையாகச் சத்தம் போட்டார். கையில் முழங்கைவரை மாவுக்கட்டு.

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். புகார் எழுதுகிறாயா என்று கேட்டார். தெருப்பெயரைக் கேட்டு அடித்திருப்பதால் போடுகிற வன்கொடுமைப் பிரிவில் ஜாமீன் சுலபமில்லை என்று, அங்கே வந்து நின்ற கடைக்காரரின் ஆட்கள் காதிலும் விழும்படி சொன்னார். இளைஞர் "நாளைக்கிச் சொல்றேன் சார்" என்றார். அவர் யோசித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை.

பார்சல் கம்பெனியின் மேற்பார்வையாளர் போனில் சொன்னது அது. நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, ஒடம்பப் பாத்துக்க. ஆனா ஒன்னு. அந்தத் தெருவுல கடக்காரங்க பார்சல் வாங்கலன்னா ஏரியா ஓடாது. நீ உள்ள போனா வாங்கமாட்டேங்கிறாங்கன்னா வேற ஆளத்தான் போடணும். அவங்ககிட்ட சரி பண்ணிக்கிட்டு வா, கை சேந்ததும் ஏரியா ஒனக்குத்தான்."

தெரு அதற்குள் பேச ஆரம்பித்திருந்தது. அடிதடி நடந்த நாளும் அதற்கு மறுநாளும் மழை தூறியது. வியாபாரம் மந்தம். அவன் கால் பட்ட நேரம் என்று செருப்புக்கடையில் சொன்னார்கள். பாத்திரக்கடையில் அதையே அறுதியிட்டுச் சொன்னார்கள். தெருவுக்குள் முதல் காலாக எடுத்து வைக்கக் கூடாத ஆள் என்று ஒருவருக்குப் பெயர் விழுந்துவிட்டால் அது இங்கே எளிதில் போகாது. கடை திறப்பதற்கு அழைத்த மாப்பிள்ளை ஒருவர், அந்தக் கடை நொடித்துப் போனதால், பிறகு மாமனார் வீட்டு எந்த விசேஷத்துக்கும் முன்வரிசையில் நிறுத்தப்படாமல் போனது எனக்குத் தெரியும். இளைஞருக்கு இது விசேஷம் இல்லை. தினசரிக் கூலி. காலையில் அந்தப் படிகளில் ஏற முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் திரும்பவும் திருப்பூர்.

மூன்றாம் நாள் மாலை அவருடைய அம்மா வந்தார். நடவு முடிந்து வயலிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. பின்னால் அதே தெருப் பெண்களும் சில ஆண்களும். ஜவுளிக்கடையில் அன்றைக்குத்தான் கொஞ்சம் கூட்டம். வெளியே விளக்குச் சரம் போட்டிருந்தார்கள்.

அவர் வாசலில் நின்று மரியாதையாகவே தொடங்கினார். "மொதலாளி, வெளியில வாங்க."

கடைக்காரர் வரவில்லை. "யாவாரம் நடக்குது. அப்பறமா வா" என்று உள்ளேயிருந்து சொன்னார்.

"எம்மவன் கைய ஒடிச்சப்ப யாவாரம் நடக்கலியா? தீவாளிக்குத் தீவாளி இந்தக் கடையிலதானய்யா துணி எடுத்தேன். என் காசு உள்ள வரும்போது எந்தத் தெருன்னு கேட்டியா நீ? எம்புள்ள காலு மட்டும் ஆவாமப் போச்சா?"

குனிந்தார். சாலையோரத்து ஈர மண்ணை இரண்டு கையிலும் வாரினார். கடைத்தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் அடுத்து நடக்கப்போவது புரிந்தது. மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அந்த வாசல் விளங்காது என்பது இங்கே கத்திக்குப் பயப்படாதவர்களும் பயப்படுகிற விஷயம். "வேணாந்தா, வேணாம்!" என்று பாய் தன் கடையிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவர் வருவதற்குள் மண் பறந்துவிட்டது. மேஜை மேல், பிரித்துப் போட்டிருந்த புடவைகள் மேல், கடைக்காரரின் முகத்தின் மேல் விழுந்தது.

"நாசமாப் போவ! ஒன் கல்லா காஞ்சி போவ!"

வாங்க வந்திருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். கடைக்காரரின் தம்பி மகன் ஓடிவந்து அந்த அம்மாவின் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். அவர் விளக்குச் சரத்தோடு சரிந்து விழுந்தார். அதைப் பார்த்ததும் பின்னால் இருந்த ஆண்களிடமிருந்து கல் வந்தது. முதல் கல் கண்ணாடி ஷோகேஸை உடைத்தது. இரண்டாவது, உள்ளே பட்டுப் புடவை கட்டி நின்ற பொம்மையின் தலையை எடுத்தது. மூன்றாவது கடைக்காரரின் நெற்றியில் பட்டது. தம்பி மகன் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீச, அம்மாவோடு வந்தவர்களில் ஒருவரின் முன்கை கிழிந்தது. பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எழுத முடியாது. போலீஸ் ஜீப் வந்தபோது தெரு காலியாக இருந்தது. சாலையில் கண்ணாடியும் செருப்புகளும் கிடந்தன.

நான் உள்ளே போனேன். கடைக்காரரின் நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கிச் சட்டையில் சொட்டியது. அதை அவர் துடைக்கவில்லை. மேஜை மேல் கிடந்த மண்ணை உள்ளங்கையால் வழித்துக்கொண்டிருந்தார். வழித்த இடத்தையே திரும்பவும் வழித்தார்.

*

பேச்சுவார்த்தை நெல் மண்டியின் மாடியில், சங்கத்து அறையில் நடந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. கடைக்காரர் நெற்றிக்கட்டோடு ஒரு பக்கம், இளைஞர் மாவுக்கட்டோடு எதிர்ப்பக்கம். அம்மா அவருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பாய் நடுவில். எதையும் எழுதக் கூடாது என்ற நிபந்தனையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது எழுதவில்லை.

"தம்பி, ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றார் பாய். "வைத்தியச் செலவு சங்கம் பாத்துக்கும். அது பேச்சே இல்ல. மேக்கொண்டு சொல்லு."

"காசு வேணாம் பாய்."

"பின்ன?"

"தீவாளிக்கு மொத நா காலையில மொதலாளி கடையில நான் போணி பண்ணணும்."

 கீழே மண்டியில் மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது.

கடைக்காரர் பாயைப் பார்த்துப் பேசினார். "வருஷத்துக்கு ஒரு நாளு பாய் அது. அந்த ஒரு நாள வச்சித்தான் மிச்ச நாள ஓட்டுறேன். வேற என்ன வேணாலும் கேக்கச் சொல்லுங்க. காலுல வுழணும்னா வுழறேன்."

"நீங்க வுழுந்தா எனக்கு வேல திரும்பி வராது மொதலாளி" என்றார் இளைஞர். "எங்கால் ஆவாதுன்னு தெரு பூரா சொல்லிட்டாங்க. ஒங்க கடையில ஏறினாத்தான் மத்த கடையில ஏறவுடுவாங்க. பெரிய நாள்ல ஏறணும். இல்லாட்டி ஸ்டேஷனுக்குப் போறேன், எழுதிக் குடுக்குறேன்."

"அன்னிக்கி யாவாரம் படுத்துடுச்சின்னா?" என்று செருப்புக்கடைக்காரர் கேட்டார்.

"படுத்துச்சின்னா எங்கால்தான்னு சொல்லிக்குங்க. நானே போயிடுறேன்."

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினெட்டு வருஷம் ஷார்ஜாவுல அரபிக் கடையில நின்னேன். மொத ஆளா எவன் வந்தாலும் அஹ்லன்னுதான் சொல்வான், வாங்கன்னு அர்த்தம். எந்தத் தெருன்னு கேட்டா அவனுக்குப் புரியவே புரியாது. அந்தக் கடையும் நல்லாத்தான் ஓடிச்சி." பிறகு கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒத்துக்கங்க. ஜெயில்லேந்து போணி பண்ண முடியாது."

கடைக்காரர் தலையை அசைத்தார். அம்மா தரையிலிருந்து சொன்னார்: "நான் தூத்துன மண்ண நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." பேச்சுவார்த்தையில் அவராகச் சொன்னது அது ஒன்றுதான்.

*

தீபாவளிக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கே டீக்கடை நிறைந்திருந்தது. யாரும் டீக்காக வரவில்லை. அம்மா துடைப்பத்தோடு வந்து ஜவுளிக்கடை வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்துவிட்டு ஓரமாக நின்றார். ஷோகேஸில் கண்ணாடிக்குப் பதிலாக பாலித்தீன் அடித்திருந்தார்கள். அதற்குப் பின்னால் தலையில்லாத பொம்மை அதே புடவையில் நின்றது.

இளைஞர் தெரு முனையிலிருந்து நடந்து வந்தார். துவைத்த சட்டை; வலது கைக்குச் சட்டைக் கை நுழையாததால் அதைத் தோளோடு வெட்டியிருந்தார்கள்.  செருப்பைக் கழற்றினார். படியேறினார்.

"வாங்க" என்றார் கடைக்காரர். அவர் உதடு மட்டும் அசைந்தது.

"அம்மாவுக்குப் பொடவை. நடவுக்குக் கட்டுற மாதிரி."

கடைக்காரர் எடுத்துப் போட்டார். இளைஞர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பிறகு, "ரவிக்கைக்கும் துணி வேணும். கிழிச்சிக் குடுங்க" என்றார்.

ரவிக்கைத் துணி சுருளில் இருக்கும். அதை அளந்துதான் கிழிக்க வேண்டும். கடைக்காரர் மேஜையைப் பார்த்தார். மீட்டர்கோல் அங்கே இல்லை. குனிந்து அடியிலிருந்து எடுத்தார். அது கையில் வந்ததும் வெளியே நின்ற தெற்குத் தெரு ஆண்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள். பாத்திரக்கடை ஆளும் தன் வாசலிலிருந்து இறங்கினார். பாய் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் கைகள் பக்கவாட்டில் விரிந்திருந்தன. இளைஞர் நகரவில்லை. கோலுக்கும் அவர் முகத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. துணி கோலோடு நீண்டது. கத்தரி நுனியால் கீறி, சர்ரென்று கிழித்தார் கடைக்காரர். அந்தச் சத்தத்துக்குச் செருப்புக்கடைக்காரர் துள்ளியதைப் பார்த்தேன்.

பிறகுதான் யாரும் யோசித்திராத விஷயம் வந்தது. இளைஞர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். இடது கையால்.

இடது கையால் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கமாட்டார்கள். போணிக் காசை இடது கையால் நீட்டியதை அந்தத் தெரு பார்த்திருக்காது. டீக்கடையில் யாரோ "அய்யய்யோ" என்றார்கள். இளைஞர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாவுக்கட்டுக்குள் இருந்து வலது கையின் விரல் நுனிகள் மட்டும் வீங்கி, கறுத்துத் தெரிந்தன. கடைக்காரர் அந்த விரல்களைப் பார்த்தார். அவர் நெற்றிக்கட்டில் ஒரு புள்ளி புதிதாகச் சிவந்தது.

"வலது கையில வாங்கணும்னா கார்த்திகை வரைக்கும் நிக்கணும் மொதலாளி" என்றார் இளைஞர்.

கடைக்காரர் இரண்டு கைகளாலும் அந்தப் பணத்தை வாங்கினார். வழக்கப்படி இரண்டு கண்களிலும் ஒற்றினார். கல்லாவில் போட்டார்.

கூட்டம் ஒரே மூச்சாகப் பேச ஆரம்பித்தது. பதினொரு மணிவரை ஜவுளிக்கடையில் நிற்க இடமில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வாங்கினார்கள். அப்புறம் கிழக்கே கறுத்தது. கடல் பக்கத்திலிருந்து வந்த மழை இரவுவரை விடவில்லை. சாக்கடை நிரம்பிக் கடைப்படியேறியது. மாலை விற்பனைதான் தீபாவளி விற்பனை. அது யாருக்குமே நடக்கவில்லை. டீக்கடையில் ஒதுங்கியவர்கள் அந்த இளைஞரின் கால் பட்டதைப் பற்றிப் பேசினார்கள். "வானிலைக்காரன் மூணு நாளா கரடியாக் கத்துறான், அவன் காலையும் ஒடிச்சிட்டு வாங்க போங்க" என்றார் பாய். ஜவுளிக்கடைக்காரர் அதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. புகார் எழுதப்படவில்லை.

கார்த்திகைக் கடைசியில் இளைஞருக்குக் கட்டுப் பிரித்தார்கள். மணிக்கட்டு சற்றுக் கோணலாகச் சேர்ந்திருந்தது. பைக்கின் ஆக்ஸிலேட்டரை முறுக்க முடிந்தது. மறுநாள் கம்பெனிக்குப் போனார். எங்கள் ஊர்ப் பின்கோடு வேறு ஆளுக்குப் போயிருந்தது. மேற்பார்வையாளரும் மாறியிருந்தார்.

புதிய ஆள் மன்னார்குடிப் பக்கத்துப் பையன். இங்கே நடந்தது எதுவும் தெரியாது. முதல் நாள் ஒன்பது இருபதுக்குச் செருப்போடு ஜவுளிக்கடைப் படியேறினான். போணி ஆகியிருக்கவில்லை. கடைக்காரர் எந்தத் தெரு என்று கேட்காமல் பார்சலை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தார்.